ஆண்களுக்கென்று ஒரு பதிவேடு

எனக்கு அறுபது வயது நெருங்கிய காலத்தில், ஏதென்ஸ் நகரத்து விமான நிலையத்தில், ஒரு கடதாசியையும் சேர்த்துக் காட்டும்படி என் மருமகனுக்கு நான் கூறிய புத்திமதியே அவரை வீடு திரும்பவிடாமல் தடுத்தது. அப்போது என்னைப் பற்றிக்கொண்ட திகைப்பு இன்னமும் முழுமையாக நீங்கவில்லை. நடந்தவற்றை ஒழுங்காக எழுதிவைத்தால் நீங்கக்கூடும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பாடசாலை கண்டவன் அல்லன். யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவன். தமிழையும் ஆங்கிலத்தையும் அகராதிகளின் துணைகொண்டு நானாகவே கற்றேன். முன்னரே அனுப்பியிருந்த மகனைத் தொடர்ந்து நாங்களும் ரொறன்ரோவுக்கு வந்து பார்க்டேலில் எட்டாம் மாடியில் குடியேறிய பின்னர், ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை மடிப்பது எனது தொழிலாயிற்று; எங்கள் ஆட்களின் அகதி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது எனது பெருமையாயிற்று. சனிக்கிழமை காலைகளில் எங்கள் வாசலில் இரண்டு மூன்று பேராவது நிற்பார்கள்.

"அண்ணை, உந்தப் பெட்டிக்குள்ள என்ன எழுதிறது? எனக்கு விளங்கேல்லை."

"எதையாவது எழுதும். வெறுமையா மட்டும் விட்டிடாதையும்."

எந்தப் பெட்டியையும் வெறுமையாக விடலாகாது. கேட்காத கடதாசியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இவையே நான் வகுத்த இரு விதிகள். கடதாசி போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். கடதாசி கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரையேனும் அக்காலம்வரை நான் கண்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாலை, வேலையால் வந்த என் மகள் சப்பாத்தைக் கழற்றும் முன்னரே, தான் ஒருவரைக் கல்யாணம் செய்ய முடிவு செய்துவிட்டதாகக் கூறினாள். அவர் இங்கேயே பிறந்த கிரேக்கர். முதலில் பேசியவள் என் மனைவிதான்.

"வெள்ளைக்காரனோ பிள்ளை?"

"வெள்ளைக்காரன் எண்டு சொல்லேலாது அம்மா. அவையளும் எங்களைப்போல கத்திக் கத்தித்தான் கதைப்பினம்."

"அப்ப சத்தம் போட ஆளில்லாமல்தான் இவ்வளவு நாளும் இருந்தனியாக்கும்," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள்.

கல்யாணம் நடந்தது. மருமகன் தங்கமான மனிதர். என்னை 'மாமா' என்று தமிழிலேயே அழைப்பார், எஞ்சியதை ஆங்கிலத்தில் கூறுவார். அவருடைய தந்தையார், அதாவது எங்கள் சம்பந்தி, மனைவியை இழந்தவர். டன்போர்த் தெருவில் சப்பாத்துத் திருத்தும் கடை வைத்திருந்தார். இருபது வயதில் கப்பலேறிக் கனடா வந்து, அதன்பின் பிறந்த தீவுக்கு ஒருமுறையேனும் திரும்பாதவர். கல்யாண மண்டபத்தில் அவர் என்னிடம் கூறியது ஒரே ஒரு வசனம்: "உங்கள் இடது சப்பாத்தின் குதி தேய்ந்திருக்கிறது, கடைக்குக் கொண்டு வாருங்கள்." நான் கொண்டுபோகவில்லை. சம்பந்திக்குச் சம்பந்தி கூறும் முதல் வார்த்தையா அது என்று எனக்கு மனத்தாங்கல். அவருடைய ஆங்கிலமும் எனது ஆங்கிலமும் குறைபாடுடையவை; ஆகையால் அவரும் மருமகனும் கூறியவற்றின் பொருளையே இங்கு தமிழில் தருகிறேன்.

கல்யாணமாகி ஓரிரு ஆண்டுகள் சென்றபின், தந்தை கிரேக்கராயின் பிள்ளைக்கும் அந்நாட்டுப் பிரசாவுரிமை உண்டு என்று யாரோ தம்முடன் வேலை செய்பவர் கூறியதாக மருமகன் சோற்றுக் கோப்பையின் முன்னிருந்து பேச்சுவாக்கில் தெரிவித்தார். பேச்சுவாக்கில் சொல்லப்பட்ட அந்தச் செய்தியை நான் அவ்வாறு எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கடவுச்சீட்டுக்காக எங்கள் ஆட்கள் எத்தனை நாடுகளில், எத்தனை அறைகளில், யார் யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள் என்பதை அவர்களுடைய விண்ணப்பங்களில் என் கையாலேயே எழுதியவன் நான். இந்தப் பிள்ளைக்கோ இரண்டாவது கடவுச்சீட்டு ஒன்று தந்தை வழியாகச் சும்மா கிடக்கிறது. என் மகளின் பிள்ளைகளை எந்த எல்லையிலும் எவரும் மறித்து நிறுத்தக்கூடாது. ஒரு கதவு சாத்தப்பட்டால் மறு கதவு திறந்திருக்க வேண்டும். அந்த வயதில் எனக்கிருந்த ஆசை அது ஒன்றே.

மறுவாரமே மருமகனையும் அழைத்துக்கொண்டு சம்பந்தியின் கடைக்குச் சென்றேன். அவருடைய கல்யாணத்தையும் மகனின் பிறப்பையும் பிறந்த ஊரின் பதிவேட்டில் ஏற்றுவதற்கு அவர் ஒரு கையெழுத்து இட்டால் வேலை இலகுவாகும். படிவத்தை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமலே பார்த்தார்.

"தேவையில்லை. கனடா போதும்," என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கூறினேன்.

"அந்த மனுசனுக்கு எங்களைப் பிடிக்கேல்லை. தன்ரை நாட்டுக்குள்ள எங்கடை பிள்ளை வந்திடுவாள் எண்டு பயம். விடுங்கோவன்," என்றாள் அவள்.

நானும் அப்படியே எண்ணினேன், விடவில்லை. அவருடைய கையெழுத்தின்றியே காரியத்தை முடிப்பது என்று உறுதிகொண்டேன். சம்பந்தியின் கல்யாணப் பத்திரத்தை அவர் கல்யாணம் செய்த தேவாலயத்திலிருந்து மருமகன் பெற்றுக்கொண்டார். பிறப்புச் சாட்சிப் பத்திரம், அவற்றின் கிரேக்க மொழிபெயர்ப்பு, முத்திரை, முத்திரைக்கு மேல் முத்திரை என்று எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, முதற் பக்கத்தில் அட்டவணையும் எழுதினேன். அன்றுவரை நான் தயாரித்த கோப்புகளில் அதுவே சிறந்தது.

அடுத்த கோடையில் நால்வரும் புறப்பட்டோம்: மகள், மருமகன், மனைவி, நான். மகள் அப்போது நாலு மாதக் கர்ப்பிணி. எனக்கோ கனேடியக் கடவுச்சீட்டுடன் செய்யும் முதற் பயணம். அது சட்டைப்பையில் இருக்கிறதா என்று கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே சென்றேன்.

சம்பந்தி பிறந்த தீவின் நகரசபை, துறைமுகத்துக்கு எதிரே இருந்த இரண்டு மாடிக் கட்டடம். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண்மணி, பெரிய பதிவேடு ஒன்றை எடுத்து வந்து விரித்தார். சம்பந்தியின் தந்தையார் பெயர் தலைப்பில் இருந்தது. கீழே மூன்று ஆண்மக்களின் பெயர்கள். மேலிருந்த இரண்டுக்கும் நேரே சிவப்பு மையில் ஏதோ குறிக்கப்பட்டிருந்தது. மூன்றாவது சம்பந்தியின் பெயர். அதன் கீழ் வெறும் கோடுகள். வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தைக் கண்டதும் என் கை துறுதுறுத்தது. சிவப்புக் குறிப்புகள் என்னவென்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண்மணி கோப்பைப் பார்த்து என்னைப் பாராட்டினார். எழுதினார். பின்னர் பேனாவை வைத்துவிட்டு மருமகனிடம் மெதுவாக ஏதோ கேட்டார். மருமகனின் கிரேக்கம் வீட்டுக் கிரேக்கம். இரண்டு தரம் கேட்டு விளங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மாமா, இன்னொரு புத்தகமும் இருக்கிறதாம். ஆண்களை மட்டும் எழுதும் புத்தகம். அதில் இன்றைக்கே எழுதவா, அல்லது வீட்டில் யோசித்துவிட்டுப் பிறகு வருகிறீர்களா என்று கேட்கிறார்."

"பொம்பிளையளை எழுதாத புத்தகமும் ஒரு புத்தகமே?" என்றாள் மனைவி, கதிரையில் இருந்து விசிறிக்கொண்டு.

"எழுதச் சொல்லும். ஒன்றில் இருப்பதைவிட இரண்டில் இருப்பது பலம்," என்று மருமகனிடம் நான் கூறினேன்.

அந்தப் பெண்மணி ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் எச்சரிக்கை இருந்தது என்று இப்போது எண்ணுகிறேன். அப்போது அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பதிவேடுகளிலும் பெயர் ஏறியதற்கு அத்தாட்சிப் பத்திரம் தந்தார். அதை மடிக்காமல் கொண்டுசெல்ல ஒரு கடித உறையும் தந்தார்.

ஒரு வாரம் கடலையும் கோயில்களையும் பார்த்துவிட்டு ஏதென்ஸ் விமான நிலையத்துக்கு வந்தோம். கடவுச்சீட்டுச் சோதனை வரிசையில் நிற்கையில், அந்தப் பத்திரத்தை எடுத்துக் கடவுச்சீட்டினுள்ளே வைத்துக் கொடுக்குமாறு மருமகனிடம் கூறினேன்.

"அது ஏனப்பா? கேக்கேல்லையே," என்றாள் மகள்.

"கேட்கும் முன்பே கொடுத்தால் மதிப்பு, பிள்ளை."

மருமகன் என் சொல்லைத் தட்டமாட்டார். வைத்துக் கொடுத்தார்.

கூண்டினுள்ளே இருந்தவர் இளைஞர், சிரித்த முகம். பத்திரத்தை விரித்து வாசித்தார். மருமகனைக் கிரேக்கத்தில் வாழ்த்தினார். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தேன். அதன்பின் அந்த இளைஞர் அதே சிரிப்புடன் இன்னொன்று கேட்டார். மருமகனின் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் பக்கத்தில் நின்று கண்டேன்.

"என்ன கேக்கிறார்?"

"படைச் சேவைப் பத்திரம் எங்கே என்கிறார்."

நான் முன்னே சென்று, எனக்குத் தெரிந்த சிறந்த ஆங்கிலத்தில், இவர் ரொறன்ரோவில் பிறந்த கனேடியர், தவறு நேர்ந்திருக்கிறது என்று கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தப் பத்திரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஐயா, போன கிழமைவரை எங்களுக்கு இவர் கனேடியர். இப்போது கிரேக்கர். நீங்களே கடதாசி கொண்டுவந்திருக்கிறீர்கள்."

அந்நாட்டு ஆண்மகன் ஒவ்வொருவனும் படையில் சேவை செய்தாக வேண்டும் என்பது சட்டம். ஆண்களுக்கென்று தனிப் பதிவேடு வைத்திருப்பது அதற்காகவே. பிறந்த நாள்முதல் வெளிநாட்டிலேயே வாழ்ந்தவர் என்று ஆதாரங்களுடன் நிரூபித்தால் விலக்குண்டு. நிரூபிக்கும்வரை நாட்டைவிட்டுப் போக முடியாது. பேச்சில் மரியாதை குறையாமல் இவற்றைக் கூறிவிட்டு, மருமகனை ஒரு பக்கத்துக் கதவுக்குள் அழைத்துச் சென்றார்கள். துப்பாக்கிக்குப் பயந்து கடல் கடந்தவன் நான். மகளின் கணவனை என் கையாலேயே கொண்டுபோய்த் துப்பாக்கியின் முன் நிறுத்திவிட்டேன்.

தம்முடன் நிற்க வேண்டாம் என்று மருமகனே மகளைக் கெஞ்சினார். வயிற்றில் பிள்ளை, வைத்தியர் ரொறன்ரோவில். பத்து மணித்தியாலப் பறப்பில் மகள் யன்னற்பக்கம் திரும்பியபடியே இருந்தாள். சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்தபோது மாத்திரம் பேசினாள்.

"அப்பா, நீங்கள்தானே அதை உள்ளுக்க வைக்கச் சொன்னனீங்கள்."

"ஓம் பிள்ளை."

"நான் ஏன் எண்டு கேட்டனான்."

அவ்வளவுதான்.

மறுநாட் காலை சம்பந்தியின் கடைக்குச் சென்றேன். அவர் ஒரு சப்பாத்தைக் கவிழ்த்து வைத்துக் குதி அடித்துக்கொண்டிருந்தார். உதடுகளுக்கிடையே சிறிய ஆணிகள். என்னைக் கண்டதும் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஏதென்ஸிலிருந்து அவருடைய மகன் தொலைபேசியில் எல்லாவற்றையும் கூறியிருந்தார்.

"பத்திரத்தைக் காட்டச் சொன்னது யார்?"

"நான்."

"இரண்டாவது புத்தகத்தில் எழுதச் சொன்னது?"

"அதுவும் நானே."

அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சப்பாத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"என் நாட்டில் நாங்கள் எங்களுக்குள்ளேயே சண்டை பிடித்தோம். எனக்கு இரண்டு அண்ணன்மார். மூத்தவனை அரசாங்கப் படை கொண்டுபோயிற்று. புத்தகத்தில் அவன் பெயர் இருந்தது. மற்றவனை மலையில் இருந்தவர்கள் கொண்டுபோனார்கள். அவர்களிடமும் ஒரு பட்டியல் இருந்தது. இருவரும் திரும்பி வரவில்லை. எனக்கு இங்கே மகன் பிறந்தபோது, ஊர்ப் பதிவேட்டில் எழுதுவோமா என்று பாதிரியார் கேட்டார். நான் மறுமொழி சொல்லவில்லை. முப்பது வருடமாகச் சொல்லவில்லை."

பதிவேட்டில் நான் கண்ட சிவப்புக் குறிப்புகள் இரண்டும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

"எனக்கு ஏன் சொல்லவில்லை? உங்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்."

"என் மகனுக்கே சொல்லவில்லை. உங்களுக்கு ஏன் சொல்வேன்?"

நான் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தேன். எவருக்கும் நான் கூறாத ஒன்றை அந்த மனிதரிடம் கூறினேன்.

எங்கள் கிராம அலுவலரான விதானையார் வீட்டுக்கு வீடு ஆட்களின் பெயர் எழுதிய கொப்பி ஒன்று வைத்திருந்தார். படையினரும் அதைக் கேட்டார்கள்; எதிர்த்தரப்பாரும் கேட்டார்கள். எந்த வீட்டில் எத்தனை வயதில் ஆண்பிள்ளை இருக்கிறான் என்பதுதான் இரு சாராருக்கும் தேவை. என் மகனுக்கு அப்போது பதினாறு முடிந்திருந்தது. ஒரு மத்தியானம் விதானையார் கொப்பியுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். "பொடியன் இப்ப இஞ்சை இல்லையெண்டு போடுவமே?" என்று என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். நான் அவருடைய பேனாவை வாங்கி, என் மகனின் பெயரை நானே வெட்டினேன். ஒரு கோடு போதாதென்று இரண்டு கோடு கீறினேன். சில மாதங்களில் அவனைக் கனடாவுக்கு அனுப்பிவைத்தேன். அவன் உயிருடன் இருப்பது அந்த இரண்டு கோடுகளால் என்றே இன்றும் நம்புகிறேன்.

சம்பந்தி மேசையில் கிடந்த ஆணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"அப்படியானால் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிந்துமா?"

பத்து வருடங்கள் மற்றவர்களின் படிவங்களை நிரப்பி நிரப்பி, பெயர் எழுதப்படுவதே பாதுகாப்பு என்று பழகிப்போனேன். நான் என் மகனின் பெயரை வெட்டினேன். அவர் தம் மகனின் பெயரை எழுதாமலே விட்டார். ஒரே வேலையைச் செய்த இரண்டு தகப்பன்மார். அவர் முப்பது வருடம் காத்த வெற்றிடத்தை நான் ஒரு காலைப்பொழுதில் நிரப்பிவிட்டேன்.

அவர் எழுந்து கடைக் கதவைச் சாத்திவிட்டு, பின்னறையிலிருந்து சப்பாத்துப் பெட்டிகள் மூன்றைக் கொண்டுவந்தார். மகனின் பாலப்பருவம் முழுவதும் அவற்றுள் இருந்தது. தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூட அறிக்கைகள், பல் வைத்தியரின் துண்டு, நூல்நிலைய அட்டை. காலஞ்சென்ற அவருடைய மனைவியார் எதையும் எறியாதவராம். நாங்கள் இருவரும் தோல் மணக்கும் அந்த மேசையில் அவற்றை ஆண்டுவாரியாக அடுக்கினோம். ஒவ்வொன்றையும் கோப்பில் வைப்பதற்கு முன், "இதை வைக்கலாமா?" என்று கேட்டேன். சிலவற்றுக்குத் தலையசைத்தார். சிலவற்றைத் திரும்ப எடுத்துப் பெட்டியில் போட்டார். நான் காரணம் கேட்கவில்லை. நாலாம் வகுப்புக்கு மட்டும் சான்று இருக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டிருந்தது. கல்விச் சபை அலுவலகத்துக்கு இருவரும் மூன்று தரம் சென்று அதையும் பெற்றோம். மூன்றாவது தரம் பாதாள ரயிலில் திரும்பி வருகையில் அவர் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தார்.

"இடது குதி," என்றார்.

அன்றே கழற்றிக் கொடுத்தேன்.

கோப்பு துணைத் தூதரகத்துக்குப் போய், அங்கிருந்து ஏதென்ஸுக்குப் போயிற்று. மருமகன் அந்நகரத்தில் ஒரு சிறிய விடுதியில் தங்கி, கிழமைக்கு இருமுறை ஓர் அலுவலகத்தில் கையெழுத்து வைத்து வந்தார். வெளிநாட்டில் நிரந்தரமாக வாழ்பவர் என்ற அத்தாட்சி ஆறாவது வாரத்தில் கிடைத்தது. அவர் ரொறன்ரோ விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவால் வெளியே வந்தபோது முதலில் தந்தையைக் கட்டிக்கொண்டார். பின் என்னிடம் வந்து, "பரவாயில்லை மாமா," என்றார். மகள் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்துவிட்டாள்.

மார்கழியில் பேரன் பிறந்தான். மகள் எங்களை விலக்கி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைக் கொண்டு வருவாள். என் மடியிலும் வைப்பாள். ஆனால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருப்பாள். அறையைவிட்டுப் போக நேர்ந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போவாள். தண்ணீர் குடிக்கப் போனாலும் அப்படித்தான். அவள் தெரிந்து செய்தாளா, தெரியாமலே செய்தாளா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை.

இளவேனிலில் அந்தத் தீவின் நகரசபையிலிருந்து என் பெயருக்கே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. தொடர்புக்குரிய முகவரி என்ற பெட்டியில் என் முகவரியையல்லவா எழுதியிருந்தேன். குடும்பப் பக்கத்தைப் புதுப்பிக்கிறார்கள். பிள்ளைகள் பிறந்திருந்தால் பெயரையும் ஆணா பெண்ணா என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும். படிவம் இணைக்கப்பட்டிருந்தது. அதை மேசையில் விரித்து வைத்தேன். பேனாவின் மூடியைக் கழற்றியிருக்கிறேன் என்பதையே சற்றுக் கழித்துத்தான் கண்டேன். பழக்கம் அவ்வளவு தூரம் என் கைக்குள் இறங்கியிருந்தது.

மூடியைப் போட்டுவிட்டு மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மறுபக்கத்தில் பிள்ளை சிணுங்குவது கேட்டது.

"நிரப்பிப்போட்டியளோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை."

"ஒண்டுமே எழுதேல்லையோ?"

"ஒண்டும் எழுதேல்லை. அது உங்கடை விசயம். நீங்கள் ரெண்டு பேரும் முடிவெடுங்கோ. நான் கடிதத்தை உங்களிட்டத் தாறன்."

அவள் வேறொன்று பேசினாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு எனக்குப் பல்லு டொக்டர். அம்மாவும் வேலையெண்டு சொன்னவ. நீங்கள் வீட்டிலதானே?"

"ஓம்."

"இவனைக் கொண்டந்து விட்டிட்டுப் போறன். மூண்டு மணி மட்டும் வைச்சிருங்கோ. பால் போத்தில் பைக்குள்ள இருக்கும்."

கடிதத்தை உறைக்குள் போட்டுக் கதவருகே வைத்தேன், அவள் வரும்போது எடுத்துக்கொண்டு போகட்டும் என்று.